பெற்றவர் கணக்கு: கிறிஸ்தவ ஊழியத்தில் தாழ்மையும் நன்றியறிதலும்

கிறிஸ்தவப் பணியில் ஈடுபடுவோரிடம் தாழ்மையும் நன்றியறிதலும் எவ்வாறு நிலைத்திருக்கும் என்ற கேள்வியைத் தமிழில் எழுப்பும்போது, முதலில் ஆராய வேண்டியது ‘ஊழியம்’ என்ற சொல்லையே. இன்றைய திருச்சபை வழக்கில் அது மதிப்புக்குரிய சொல்; பிரசங்கம் செய்பவரும் மருத்துவமனையில் பணிபுரிபவரும் ஞாயிறுபள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரும் தம் பணியை ஊழியம் என்றே குறிப்பிடுகின்றனர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் திருவிதாங்கூர்ச் சிற்றூர்களில், இதே சொல் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. சுமை தூக்குவதும் ஓலை வெட்டிக் கொடுப்பதும் அழைத்த நேரத்தில் அழைத்த இடத்துக்கு ஓடுவதுமான அந்த வேலை, நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்டிருந்தது. 1810களில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்றும் கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு என்றும் ஆணை பெற்றுத்தர வேண்டியிருந்தது. ஆகவே, ஒரே ஊரில் ஒரே காலத்தில் ‘ஊழியம்’ என்பது ஒருவர் முதுகின்மேல் ஏற்றப்பட்ட சுமையாகவும், அதே மனிதர் ஆலயத்துக்குள் மனமுவந்து ஏற்ற பொறுப்பாகவும் இருந்திருக்கிறது. தாழ்மை பற்றிய எந்த விளக்கமும் இந்த இரட்டைப் பொருளை நினைவில் வைத்திருக்க வேண்டும். தாழ்த்தப்படுவது வேறு, தாழ்மை வேறு என்ற பாகுபாடு இந்தச் சொல்லுக்குள்ளேயே காயம்போல் கிடக்கிறது.

தமிழில் இன்னொரு சொல்லுறவும் கவனத்துக்குரியது. ‘பணி’ என்பது பெயராக நிற்கும்போது வேலையையும், வினையாக வரும்போது வணங்கிக் குனிவதையும் உணர்த்துகிறது. ‘பணிவிடை’, ‘திருப்பணி’, ‘பணிவு’ ஆகிய சொற்கள் இவ்விரு பொருள்களுக்கும் இடையே இயல்பாக நடமாடுகின்றன. செய்நன்றியைப் போற்றும் மரபும் தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. திருக்குறள் தன் 11ஆம் அதிகாரத்தைச் செய்ந்நன்றி அறிதலுக்கும் 13ஆம் அதிகாரத்தை அடக்கமுடைமைக்கும் ஒதுக்கியிருப்பதால், கிறிஸ்தவ நற்செய்தி இவ்விரு பண்புகளையும் அறியாத மக்களிடையே வந்தது என்று கருத இடமில்லை. புதிதாக வந்தது, இவ்விரண்டையும் ஊழியம் என்ற ஒரே செயலில் பிணைத்துக் காட்டிய முறைதான்.

அந்தப் பிணைப்பு லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் தெளிவாகத் தென்படுகிறது. அங்கே இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, வயலில் உழுதுவிட்டோ மந்தை மேய்த்துவிட்டோ வீடு திரும்பும் வேலைக்காரனைப் பற்றிய உவமை. அவன் வந்தவுடன் எஜமான் அவனைப் பந்தியில் அமர்த்துவதில்லை. அவன் எஜமானுக்குப் பரிமாறிய பிறகே தான் உண்கிறான். கட்டளையிட்டதைச் செய்ததற்காக அவனுக்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘அப்பிரயோஜனமான’ என்று வரும் அடைமொழியை அத்தகைய ஊழியர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ள வேண்டும் என்று உவமை முடிகிறது. அதன் கருத்து, அவர்கள் செய்த வேலை வீண் என்பதன்று. அதைக் காட்டி யாரிடமும் கடன் வசூலிக்க முடியாது என்பதே. இரண்டாவது பகுதி, பத்துக் குஷ்டரோகிகள் குணமடைந்த நிகழ்ச்சி. அவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி செலுத்துகிறான், அவனும் யூதர்கள் அந்நியனாகக் கருதிய சமாரியன், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். முதற்பகுதியில் நன்றி எதிர்பார்க்கக்கூடாதது. இரண்டாவதில் அது தவறாமல் செலுத்தப்பட வேண்டியது. ஊழியர் தமக்கு வரவேண்டிய நன்றியைக் கணக்கில் எழுதக்கூடாது, தாம் செலுத்த வேண்டிய நன்றியை மறக்கவும் கூடாது என்னும் இந்த இரட்டை விதியே இக்கட்டுரையின் அளவுகோல். திருச்சபையின் வரலாற்றில் விதியின் முதற்பாதி விரிவாகப் போதிக்கப்பட்டது. இரண்டாம் பாதி கடவுளுக்குச் செலுத்தும் ஸ்தோத்திரமாக மட்டும் சுருங்கி, மனிதர்பால் காட்ட வேண்டிய நன்றி பலமுறை விடுபட்டுப்போனது. ஊழியத்தில் தாழ்மை குலைந்த இடங்களை உற்றுநோக்கினால், பெரும்பாலும் இந்த விடுபாடே அங்கு முதலில் நேர்ந்திருக்கக் காணலாம்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கச் சொற்களும் இந்த நோக்கில் பயன்தருகின்றன. ‘தியாகோனியா’ என்பது பந்தி பரிமாறுதல் முதலாகப் பிறருக்குச் செய்யும் பணிவிடை அனைத்தையும் தழுவும் சொல். ‘தூலோஸ்’ என்பது அடிமை. பவுல் தம்மைக் கிறிஸ்துவின் தூலோஸ் என்று அழைத்துக்கொண்ட இடங்களில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘ஊழியக்காரன்’ என்று எழுதியது; பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து மேற்கொண்ட வடிவைச் சொல்லும்போது மட்டும் ‘அடிமை’ என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தியது. தாழ்மையைக் குறிக்கும் ‘தபேய்னோஸ்’ என்ற சொல், அன்றைய கிரேக்க உலகில் பெரும்பாலும் இழிவுப் பொருளே கொண்டிருந்தது. உயர்குடியினர் தம்மிடம் இருக்கக்கூடாது என்று கருதிய கீழ்நிலையையும் கூனிக் குறுகலையும் அது சுட்டியது. அந்த இழிசொல்லைத் தொடக்கத் திருச்சபை நற்பண்பின் பெயராக்கியதற்குக் காரணம், தன்னை வெறுமையாக்கிக்கொண்ட ஒருவரை அது வழிபட்டதே. இவ்வாறு வெறுமையாக்குதலை இறையியலார் ‘கெனோசிஸ்’ என்பர். இங்கே கவனிக்க வேண்டியது, உயர்ந்த நிலையில் இருந்தவர் இறங்கி வந்தார் என்பது. யோவான் நற்செய்தியில் சீஷருடைய பாதங்களைக் கழுவியவரும் போதகரும் ஆண்டவருமாக இருந்தவரே. அக்காட்சியில் பேதுருவுக்குக் கடினமாக இருந்தது கழுவுவதன்று, கழுவப்படுவது. தம் கால்களைப் பிறர் கையில் கொடுக்கச் சம்மதிப்பதும் தாழ்மையின் ஒரு பாதி என்பதை, பெரிய வியாழன் வழிபாடுகளில் பாதம் கழுவும் சடங்கைக் காணும் சபையார் எளிதில் மறந்துவிடுகின்றனர். கழுவும் ஆயரையே அனைவரும் பார்க்கின்றனர்.

பவுலின் நிருபங்கள் இதற்கு நுட்பமான சான்று தருகின்றன. பிலிப்பி நகரத்துச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் சிறையிலிருந்த பவுலுக்கு உதவி அனுப்பினர். அதற்கு அவர் எழுதிய பதிலில் கொடுத்தல், பெறுதல், கணக்கு, வரவு என வணிகர் வழக்குச் சொற்கள் அடுக்கி வருகின்றன. உதவியைத் தாம் நாடவில்லை என்றும், தமக்கு எந்நிலையிலும் மனநிறைவு உண்டு என்றும் சொல்லிக்கொண்டே அவர் அதை ஏற்றுக்கொள்கிறார். ஆய்வாளர்கள் இப்பகுதியை நன்றி என்ற சொல் இல்லாத நன்றிக் கடிதம் என்று நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளனர். அன்றைய ரோம உலகில் ஒருவர் கையிலிருந்து கொடை பெறுவது அவருக்குக் கீழ்ப்பட்டவராவதாகும். பவுல் அந்த அடிமைத்தனத்துக்குள் போகாமலும், உதவியவர்களின் அன்பைச் சிறுமைப்படுத்தாமலும் இருக்க முயல்வது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது. ஊழியருக்குப் பெறுவது கொடுப்பதைவிடக் கடினம் என்பதற்கு இதைக் காட்டிலும் நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தத் தயக்கம் இல்லை. கெங்கிரேயா சபையின் பெபேயாள், தம் கழுத்தையே பணயம் வைத்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, பிரயாசப்பட்ட மரியாள், திரிபேனாள், திரிபோசாள், தமக்கும் தாயாக இருந்த ரூபுவின் தாய் எனப் பெயர் பெயராக அவர் நினைவுகூர்கிறார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட இப்பட்டியலை வாசிப்போர் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அப்போஸ்தலரின் ஊழியம் யார் யார் தோள்மேல் நின்றது என்பதற்கு அவரே எழுதித்தந்த கணக்கு இதுவே.

பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்விரு பண்புகளும் தனித்தனியே ஆராயப்பட்டன. சத்தியத்தை அடையும் வழி எது என்று கேட்ட ஓர் இளைஞனுக்கு, ஏறத்தாழ 410இல் எழுதிய மடலில், அகுஸ்தீன் முதல் வழி தாழ்மை, இரண்டாவதும் தாழ்மை, மூன்றாவதும் தாழ்மை என்ற கருத்தில் விடையளித்தார். மனிதனிடம் உள்ள எதுவும் பெற்றுக்கொள்ளப்பட்டதே என்ற பவுலின் வாதத்தை அவர் அருளைப் பற்றிய தம் போதனைக்கு அடித்தளமாக்கினார். பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் வகுத்த மடவிதி தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. அப்படிகளைக் காட்டிலும் அதே நூலின் சமையலறை பற்றிய அதிகாரம் இங்கு அதிகம் பொருந்துவது. துறவியர் வாரமுறை வைத்துச் சமையலறையில் பணிபுரிய வேண்டும். வாரம் முடிந்தவரும் வாரம் தொடங்குபவரும் சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைத் துலக்கிக் குறைவின்றி ஒப்படைக்க வேண்டும். பணி முடித்தவர் தமக்குத் துணைநின்றதற்காகக் கடவுளைத் துதித்து விடைபெற, பணி தொடங்குபவர் துணை வேண்டி மன்றாட வேண்டும். தாழ்மையும் நன்றியும் அங்கே அடுப்படி வேலையின் நேர ஒழுங்காகவே ஆகிவிட்டன. தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் நன்றியறிதலை மூன்று படிகளாகப் பிரித்தார்: பெற்ற நன்மையை நன்மையென்று உணர்தல், அதை வாயால் வெளிப்படுத்துதல், தக்க இடத்திலும் தக்க காலத்திலும் தம் ஆற்றலுக்கேற்பக் கைம்மாறு செய்தல். இவற்றுள் முதலாவதே இல்லாமற்போவது நன்றிகேட்டின் கடுமையான வடிவம் என்று அவர் கருதினார். ஊழியத்துக்கு இந்த வரிசை மிகவும் தேவையானது. ஏனெனில் பிறர் செய்த நன்மையைத் தம் உழைப்பின் பலன் என்றோ, கடவுள் நேரே செய்தது என்றோ பதிவுசெய்துவிட்டால், நன்றி சொல்ல வேண்டிய மனிதரே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறார்.

மார்ட்டின் லூதர் 1521இல் மரியாளின் பாடலுக்கு எழுதிய விளக்கம் மற்றொரு கோணத்தைத் திறக்கிறது. மரியாள் தன் தாழ்மை என்ற நற்பண்பைக் கடவுள் பார்த்ததாகச் சொல்லவில்லை, தன் எளிய நிலையைப் பார்த்ததாகவே சொன்னாள் என்பது அவர் வாதம். உண்மையான தாழ்மை தான் தாழ்மையாக இருப்பதை அறியாது என்று அவர் வலியுறுத்தினார். இதை ஏற்றால் ஒரு சிக்கல் எழுகிறது. தாழ்மையாக இருக்க முயல்பவர் தம்மையே கவனித்துக்கொண்டிருப்பார். அந்தக் கவனமே தாழ்மையைக் கெடுக்கும். இதிலிருந்து வெளிவர நன்றியறிதல் வழி தருகிறது, ஏனெனில் நன்றியுணர்வில் கண் தன்னைவிட்டுத் தனக்குக் கொடுத்தவர்மேல் திரும்புகிறது. தாழ்மையை நேரே தேடிப் பயிலமுடியாது, நன்றியைப் பயிலலாம் என்ற முடிவுக்கு இவ்வாதம் இட்டுச்செல்கிறது. இது ஏற்கத்தக்க முடிவாகவே தோன்றுகிறது.

தமிழகத்தின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு, இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க நல்ல களம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி பார்த்தலோமேயு சீகன்பால்கு, கற்பிக்க வந்தவராயினும் முதலில் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்து வரைந்து தமிழ் கற்றார். வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவரும், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் துணைநின்றனர். தமிழரை நாகரிகமற்றவர் என்று தாமும் எண்ணியிருந்ததையும், மொழியைக் கற்று நூல்களை வாசித்தபின் அந்த எண்ணம் மாறியதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இலேயே விளக்கப்பட்டியல் ஒன்றும் அமைத்தார். ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூலை ஹாலே நகரில் இருந்த அவருடைய மிஷன் மேலாளர்கள் அச்சிட மறுத்தனர். அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. தாம் யாரிடம் கற்றோம் என்று களத்தில் இருந்தவர் வெளிப்படையாகச் சொல்ல, அவ்வறிவுக்குத் தூரத்து நிறுவனத்தில் இடமில்லாமல் போயிற்று. நன்றியறிதல் தனிமனிதரின் குணமாக மட்டும் நின்றுவிட்டால் அது நிறுவனத்தின் கதவருகே நின்றுவிடும் என்பதற்கு இது தொடக்கக்கால எடுத்துக்காட்டு.

தஞ்சையில் 1798 பிப்ரவரி 13 அன்று இறந்த கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் இன்னொரு வகை. 1779இல் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்ற அவருக்கு ஐதர் அலி வழிச்செலவுக்காக அளித்த பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தஞ்சையில் ஏழைப்பிள்ளைகள் பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார். அவரால் வளர்க்கப்பட்ட சரபோஜி மன்னர், கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தவர், ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்வித்து ஆலயத்தில் நிறுத்தினார்; மரணப்படுக்கையில் கிடக்கும் போதகரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. திரும்பிவந்து நன்றி சொன்ன அந்நியன் என்ற லூக்காவின் காட்சி தஞ்சையில் கல்லாக நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அதே சுவார்ட்ஸின் பணி நெல்லைச் சீமையில் வேர்கொண்டது முதலில் உபதேசியாராக இருந்த சத்தியநாதனாலும், அவருக்குப் பின் சுந்தரானந்தம் தாவீது முதலியோராலும். ‘உபதேசியார்’ என்பது குருப்பட்டம் பெறாமல் ஊர் ஊராகச் சென்று போதித்த உள்ளூர் ஊழியரைக் குறிக்கும். பாளையங்கோட்டையில் ஆலயம் எழக் காரணமாக இருந்தவர் குளோரிந்தா என்ற கைம்பெண். 1799இல் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென முதலூரை உருவாக்கியவர் சுந்தரானந்தம். எனினும் பாடநூல்களும் ஆலயச் சுவர்களும் மிஷனெரிகளின் பெயர்களால் நிறைந்திருக்க, இவர்கள் அடிக்குறிப்புகளில் நிற்கின்றனர். சீகன்பால்கு காலத்துக்குப் பின் 1733இல் சீர்திருத்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன் போதகரின் பெயரைச் சபையாரில் எத்தனை பேர் அறிவர் என்று எண்ணிப் பார்ப்பதே போதுமானது.

நாஞ்சில் நாட்டு மைலாடியில் 1806 முதல் பணியாற்றிய மிஷனெரி ரிங்கல்தௌபே, தம் ஊதியத்தின் பெரும்பகுதியைப் பிறருக்கே செலவிட்டு எளிய உடையோடு வாழ்ந்தவர். முன்பே விசுவாசத்தை ஏற்று அவரை அவ்வூருக்கு அழைத்துவந்த வேதமாணிக்கம் இல்லாமல் அந்தத் திருப்பணியே தொடங்கியிராது. ரிங்கல்தௌபே 1816இல் உடல்நலம் குன்றி ஊரைவிட்டுச் சென்றபோது சபைப் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையிலேயே வந்தது. எளிமையாக வாழ்ந்தவரின் தாழ்மையைப் புகழ்வது எளிது. அவர் தம்மை அழைத்தவருக்கே பொறுப்பை விட்டுச்சென்றதில் உள்ள தாழ்மை அதைவிடப் பெரிது என்றே மதிப்பிட வேண்டும்.

இங்கே இவ்வாய்வின் மிகவும் வேதனையான பகுதிக்கு வரவேண்டியிருக்கிறது. தஞ்சை, சென்னைச் சபைகளில் சாதிவாரியாக இடம் பிரித்து அமர்வதும், திருவிருந்தில் முறைவைத்துப் பாத்திரத்தைப் பெறுவதும் நெடுங்காலம் நீடித்தன. கொல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடுகள் முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று கட்டளையிட்டபோது பலர் சபையைவிட்டு வெளியேறினர். சுவார்ட்ஸிடம் பயின்றவரும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெருங்கவிஞருமான வேதநாயக சாஸ்திரியாரும் புதிய மிஷனெரிகளின் கட்டாயத்தை எதிர்த்து எழுதினார். கடவுள்முன் தம்மைப் புழுவெனத் தாழ்த்திப் பாடிய பக்தி, அடுத்த பாயில் அமர்ந்த மனிதரோடு ஒரே பாத்திரத்தில் பருகத் தயங்கியது. கடவுளுக்குமுன் தாழ்வது யாருக்கும் கௌரவக் குறைவாகாது. மனிதருக்குமுன் தாழ்வதிலேயே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நற்கருணை என்றும் திருவிருந்து என்றும் தமிழில் வழங்கும் சடங்கின் கிரேக்கப் பெயர் ‘எயுகரிஸ்தியா’, அதாவது நன்றி செலுத்துதல். நன்றியின் பெயரைத் தாங்கிய பந்தியிலேயே வரிசை பிரிக்கப்பட்டது என்பது திருச்சபை இன்னும் தீர்க்காத கடன்.

ஆகவேதான், தலித் இறையியலாளர்கள் தாழ்மை என்ற போதனையை ஐயத்தோடு அணுகியது நியாயமாகிறது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் தாழ்மையைப் போதிப்பதும், உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தருமமாகக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றி எதிர்பார்ப்பதும் நற்செய்தியைத் தலைகீழாக்குவதாகும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்டவர், நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ‘ஒரு உலை’ என்ற கருத்தை, அதாவது அனைவரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதை, திருவிருந்தின் மெய்ப்பொருளாக முன்வைத்தார். உயரத்தில் இருப்பவர் இறங்கிவருவது என்ற கெனோசிஸ் விளக்கம், இறங்குவதற்கு உயரமே இல்லாதவர்களுக்கு என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு விடை: அவர்களுக்குத் தாழ்மை என்பது குனிவதன்று, தலைநிமிர்ந்தபின் பிறரைக் குனியவைக்காதிருப்பது.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கை இவ்விரு முனைகளையும் ஒன்றாகத் தொடுகிறது. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அவர், 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தம் சொந்தப் பணத்தில் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். பெற்றே பழகிய நெல்லைத் திருச்சபை கொடுக்கவும் கடன்பட்டது என்ற உணர்வு அவரைப் பற்றிக்கொள்ள, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு அச்சங்கம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. அக்குவினாஸ் சொன்ன மூன்றாம் படியான கைம்மாறு, கொடுத்தவருக்கே திரும்பாமல் வேறொருவருக்குச் சென்றால்தான் அருளின் இயல்புக்குப் பொருந்தும் என்பதை நெல்லைச் சபையார் இவ்வாறு செயலில் காட்டினர்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. எனினும் பெரும்பாலும் அதன் கண்டனமே பேசப்படுகிறது. மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நட்பு இல்லை, சரிசமமாக உட்கார்ந்து உண்பதும் வீட்டுக்கு அழைப்பதும்கூட அரிது என்று அவர் அந்தப் பேரவையில் எடுத்துரைத்தார். ஆனால் அந்த உரையிலேயே மிஷனெரிகளின் வீரத்துக்கும் தன்னலமற்ற உழைப்புக்கும் இந்தியத் திருச்சபை என்றும் நன்றி செலுத்தும் என்பதையும் சொல்லி, அதற்கு மேல் அன்பும் நண்பர்களும் வேண்டும் என்று கேட்டார். நன்றியும் கண்டனமும் ஒரே மூச்சில் வந்தன. நன்றியுள்ளவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று எண்ணுவோருக்கு இவ்வுரை தக்க மறுமொழி. பெற்ற நன்மையை முழுமையாக ஒப்புக்கொண்டவருக்கே குறையைச் சொல்லும் உரிமையும் துணிவும் வருகின்றன. 1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். தெலுங்குச் சிற்றூர்களில் வறியவரிலும் வறியவரான மக்களிடையே 1945 ஜனவரி 1 அன்று இறக்கும்வரை உழைத்தார். கூலியாட்களாக இருந்த அம்மக்களையும் காணிக்கை கொடுக்கப் பழக்கியதை அவர் தம் பணியின் முக்கியக் கூறாகக் கருதினார். ஏழையிடம் பெறமறுப்பது அவரை என்றும் இரப்பவராகவே வைத்திருக்கும் செயல் என்பது அவர் நிலைப்பாட்டில் அடங்கியிருந்த உண்மை.

எடின்பரோவில் கேட்கப்பட்ட நட்புக்கு ஒரு விடை 1921இல் திருப்பத்தூரில் எழுந்தது. சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். ஒருவர் தமிழர், மற்றவர் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ஊரார் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஐயா, துரை என்ற அழைப்புகள் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக அமைந்ததை, தாழ்மை பற்றிய பல பிரசங்கங்களைவிட அந்த உறவுப்பெயர் நன்றாக உணர்த்துகிறது.

டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் ஆபத்திலிருந்த குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கியபோது, கைக்குழந்தைகளைக் கழுவித் துடைத்து இரவெல்லாம் விழித்திருக்கும் வேலை ஆயாவின் வேலை, ஊழியமன்று என்று கருதிய படித்த கிறிஸ்தவப் பெண்கள் அதற்கு முன்வரத் தயங்கினர். சுவிசேஷப் பயணங்களை நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்ததைப் பின்னடைவாகக் கண்டவர்களும் இருந்தனர். பொன்னம்மாள் என்ற இளம் கைம்பெண் அவ்வேலையை ஏற்று, 1915இல் இறக்கும்வரை அக்குடும்பத்தின் தூணாக நின்றார். 1931இல் தவறி விழுந்து காயமுற்ற கார்மைக்கேல், அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே பிறர் கையால் பணிவிடை பெற்று வாழ வேண்டியதாயிற்று. கொடுக்கத் தெரிந்தவருக்குப் பெறும் பள்ளிக்கூடமாக அந்த அறை அமைந்தது. தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவ்விடத்தில் பறவைகள் நீர் பருகும் தொட்டி ஒன்றே நிற்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றில் இதே பாடம் வேறு வடிவில் வருகிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய அவ்விடத்தின் குறிக்கோள் வாசகம், பணிவிடை பெற அன்று, பணிவிடை செய்யவே வந்ததாகக் கிறிஸ்து தம்மைக் குறித்துச் சொன்ன கூற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்ற அவர், பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்து அத்துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். அவருடைய நோயாளிகள் கண்டது, தம்மைப்போலவே தூக்கி உட்காரவைக்கப்பட்ட ஒருவரை. உதவுபவர், உதவி பெறுபவர் என்ற கோடு அந்த நாற்காலியில் அழிந்துபோயிற்று. தாழ்மை அங்கே பயிலப்பட வேண்டிய பாவனையாக இருக்கவில்லை, வேலையின் உயரமே அதுவாக இருந்தது.

இன்றைய ஊழியக் களத்தின் சோதனைகள் வேறு உருவில் வருகின்றன. தெருமுனைப் பதாகையில் ஊழியரின் முகம் பெரிதாகவும் இயேசுவின் பெயர் சிறிதாகவும் அச்சாவதும், உதவிப்பொருள் பெறும் ஏழையின் முகத்தைப் புகைப்படமாக்கிப் பரப்புவதும், ஊழியத்துக்குத் தம் பெயரையே சூட்டுவதும் எளிதில் கண்ணில் படுபவை. அவற்றைக் கண்டிப்பதும் எளிது. கண்ணில் படாதது, எல்லா மகிமையும் கடவுளுக்கே என்று சொல்லிமுடிக்கும் வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் மறதி. கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர், காலையில் ஆலயத்தைப் பெருக்கி மணியடித்த கோயில்குட்டியார், பிரசங்கியாரின் வீட்டைத் தனியே தாங்கும் மனைவி ஆகியோருக்குச் செலுத்த வேண்டியதை மகிமை என்ற பெயரில் மேலே அனுப்பிவிட்டால், கீழே கணக்கு தீர்ந்ததாக ஆகிவிடுகிறது. கடவுளுக்கு நன்றி செலுத்துவது மனிதருக்குரிய நன்றியை விழுங்கிவிடக் கூடாது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

தமிழ்ச் சபைகளிடம் இதற்கு மாற்றான பழக்கங்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் போட்டு வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி, விளைந்ததில் முதலாவதைப் படைக்கும் அறுப்பின் பண்டிகை, நெல்லைச் சபைகளின் ஸ்தோத்திரப் பண்டிகை, ஊர் முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனம் ஆகியவை நன்றியை நாவிலிருந்து கைக்கும் வயிற்றுக்கும் கொண்டுவந்தவை. பிடியரிசியைக் கொடுத்தவர் பெரும்பாலும் பெண்கள். அரிசி ஒரே பானையில் கலந்துவிடுவதால் எவருடைய பிடி எது என்று பிரித்தறிய முடியாது, ஆகவே பெருமைக்கும் அங்கு இடமில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கோழியையோ பூசணிக்காயையோ பெருந்தொகைக்கு எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் சொல்லப்படுகிறது. அசனத்தன்று விடியுமுன் அடுப்பு மூட்டியவர்களும், கடைசிப் பந்தி எழுந்தபின் அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் துலக்கியவர்களும் அந்த அறிவிப்பில் வருவதில்லை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு என்பவர், இடையில் தம் பெயரையும் சொல்லி வாசகருக்கு ஒரு வாழ்த்தை எழுதிவிடுகிறார். பவுல் அந்த வரியை எடுத்துவிடவில்லை.